முதல் மாதிரி

முதல் மாதிரி நான்தான்.
தோள், முழங்கை, மணிக்கட்டு.
மூன்று மூட்டு, ஒன்றுக்கும் பூட்டு இல்லை.
நண்டுப் படகுகளின் ரேடியோக்களைப்
பிரித்துப் போட்டுவிட்டு
"பிடி நிக்கனோர்" என்பாள் எதுவிஹிஸ்.
பிடிப்பேன்.
ஈயம் உருகும் அந்த ஒரு நொடியில்தான்
எனக்குத் தும்மல் வரும்,
இல்லையென்றால் புந்தா அரேனாஸின் காற்று
தகரக் கூரையைத் தூக்கிப் பார்க்கும்.
சொட்டு, போகக் கூடாத இடத்துக்குப் போய்விடும்.
அவள் திட்டுவதில்லை.
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு
என் கையையே கொஞ்ச நேரம் பார்ப்பாள்,
பழுதுக்கு வந்த சாமானைப் பார்ப்பதுபோல.

ஜூன் மாதம். நாலரை மணிக்கே இருட்டு.
மீன் கடைச் சீட்டின் பின்பக்கத்தில்
என் கையை வரைந்தாள், சதையை விட்டுவிட்டு.
எட்டு உருண்டை, எட்டுக் கிண்ணம்,
நடுவே நுனியிலிருந்து அடிவரை
ஒரே எஃகு வடம்.
நெம்புகோலை அழுத்தினால் வடம் இறுகும்,
எட்டும் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும்.
விட்டால்
நூலில் கோத்த மணியாகச் சரியும்.
"அவ்வளவுதான்" என்றாள்.
அவள் அவ்வளவுதான் என்றால்
மூன்று மாதம் என்று பொருள்.

இரண்டாவதை லெங்கா மரத்தில் கடைந்தாள்.
அடுப்பருகே காய்ந்து வெடித்தது.
மூன்றாவது பிளாஸ்டிக்.
அச்சில் வார்த்த உருண்டைகள், முட்டை ஓடு மாதிரி லேசு.
ஒரு மின்மாற்றியைக் கொடுத்ததும்
பேருந்தில் தூங்குகிறவன்போலத்
தலை தொங்கிப் போயிற்று.
நான்காவது அலுமினியம்.
இதன்மேல்தான் அவளுக்கு ஆசை.
மூன்று இரவு உட்கார்ந்து மெருகேற்றினாள்.
எட்டு உருண்டைக்குள்ளும்
எட்டுக் குட்டி எதுவிஹிஸ் குனிந்திருந்தார்கள்.
அழுத்தினாள்.
வழுக்கியது.
இன்னும் அழுத்தினாள்.
வடம் அறுந்து
என் மாத்தே குடுவையைக் கொண்டுபோனது.

அன்று அவள் பேசவில்லை.
மறுநாள், கடைசல் எந்திரத்தின் அடியில்
தூளோடு கிடந்த கழிவு உருண்டை ஒன்றை எடுத்துக்
கட்டைவிரலால் தடவினாள்.
உளி போன வரிகள் அப்படியே இருந்தன,
பூனையின் நாக்கு மாதிரி.
"கொடு அந்த உப்புத்தாளை."
மூன்று இரவின் பளபளப்பு
மூன்று நிமிடத்தில் போயிற்று.
குட்டி எதுவிஹிஸ்கள்
ஒவ்வொருத்தியாக மங்கினார்கள்.

ஐந்தாவது நின்றது.
மின்மாற்றியைக் கடித்துக்கொண்டு
இரவெல்லாம் நின்றது.
நான் கடையின் முன்பக்கம் உட்கார்ந்து
வேலை போனவன் செய்வதைச் செய்தேன்:
ரசீதுகளை அடுக்கினேன், கலைத்தேன்.

நுனிக்கு நேரே சுவரில்
பென்சிலால் ஒரு கோடு போட்டு வைத்திருந்தாள்.
காலையில் நுனி கோட்டுக்குக் கீழே.
நகக்கண் அளவுதான்.
மறுநாள் இன்னொரு நகக்கண்.
வடம் நீள்கிறதோ என்று வடத்தை மாற்றினாள்.
கிண்ணம் தேய்கிறதோ என்று கிண்ணத்தை.
நெம்புகோலைச் சந்தேகித்தாள், ஈரத்தைச் சந்தேகித்தாள்,
இரவில் எழுந்து போய்
நான் தொட்டேனோ என்றுகூட
(கேட்கவில்லை, பார்த்தாள்).

ஐந்தாம் நாள், வேறு எதற்கோ எடுத்த ரசமட்டத்தை
மேசைமேல் வைத்துவிட்டுத் திரும்பியவள்
திரும்பவும் பார்த்தாள்.
குமிழி சுவர்ப் பக்கம் ஓடி ஒதுங்கியிருந்தது.
கை இறங்கவில்லை.
மேசை இறங்கியிருந்தது.
மேசையும் இல்லை, தரை.
கடலைப் பார்த்த மூலைத் தூண்
எத்தனை குளிர்காலமாகவோ மண்ணுக்குள் போய்க்கொண்டிருக்க,
அசையாத ஒன்று வந்து நின்ற பிறகுதான்
எங்களுக்குத் தெரிந்தது.

இப்போது நான் தரைக்கு அடியில் படுத்திருக்கிறேன்.
முகத்துக்கு மேலே ஒரு ஜாக்கி,
இரண்டு கையிலும் ஒரு மரக்கட்டை.
ஆப்பை வைத்துச் சுத்தியலை ஓங்கியபடி
"பிடி நிக்கனோர்" என்கிறாள்.
தூசி, சிலந்தி வலை.
தும்மல் வருகிறது.